டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏ: ட்யூபுக்குள் படியெடுப்பது எப்படி

ஒரு டிஎன்ஏ துண்டு, நான்கு வகை நியூக்ளியோடைடு, மக்னீசியம், ஒரு நொதி. டிஎன்ஏவை ஆர்என்ஏவாகப் படியெடுக்க அடிப்படையில் இவ்வளவு போதும். உயிரணுவுக்குள் இதே வேலைக்குப் பெரிய கூட்டமே வேண்டியிருக்கிறது. ஈ. கோலை பாக்டீரியாவில் ஆர்என்ஏவைக் கட்டும் நொதியான ஆர்என்ஏ பாலிமரேஸில் ஐந்து புரதச் சங்கிலிகள். தொடங்கும் இடத்தைக் கண்டுபிடிக்க சிக்மா என்ற ஆறாவது புரதமும் வந்து ஒட்ட வேண்டும். நம் உயிரணுக்களில் எம்ஆர்என்ஏ (புரதம் செய்வதற்கான குறிப்பைச் சுமக்கும் ஆர்என்ஏ) செய்யும் பாலிமரேஸ்-2இல் 12 சங்கிலிகள். அதுவும் தானாகத் தொடங்காது. துணைக் காரணிகள் பல கூடி அதை ப்ரொமோட்டரில் (படியெடுப்பு தொடங்கும் இடத்தைக் காட்டும் டிஎன்ஏ பகுதி) கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டும்.

ஈ. கோலையைத் தாக்கும் டி7 என்ற வைரஸ் இத்தனையையும் 883 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே சங்கிலியில் அடக்கிவிட்டது. தன் ப்ரொமோட்டரைத் தானே கண்டுபிடிக்கும், இரட்டை இழையைத் தானே பிரிக்கும், ப்ரைமர் (தொடங்கிவைக்கும் குட்டித் துண்டு) கேட்காது. சேம்பர்லினும் அவருடன் பணியாற்றியவர்களும் 1970இல் இந்த நொதியைப் பிரித்துக் காட்டினார்கள். இன்று கல்லூரி ஆய்வகத்தில் செய்யும் ஆர்என்ஏ ப்ரோப் முதல் கோவிட் எம்ஆர்என்ஏ தடுப்பூசி வரை இதை நம்பித்தான் நடக்கிறது. இங்கே விவரிக்கும் முறையும் டி7 கொண்டு 50 மைக்ரோலிட்டர் அளவில் செய்வதே.

இந்தச் சோதனை தோற்றால் முதலில் நொதியின் மீதுதான் சந்தேகம் வருகிறது. புது நொதி வாங்கியும் அதே கதைதான். பெரும்பாலான தோல்விகள் நொதியைத் தொடுவதற்கு முன்பே, டெம்ப்ளேட் (படியெடுக்கக் கொடுக்கும் டிஎன்ஏ) தயாரிக்கும்போதே முடிவாகிவிடுகின்றன. அதனால் கீழே அதிக இடம் டெம்ப்ளேட்டுக்குத்தான்.

எந்த இழை, எந்தத் திசை

ஒவ்வோர் இழையின் இரு முனைகளுக்கும் 5′, 3′ என்று பெயர். நியூக்ளியோடைடுகளை ஏ, டி, ஜி, சி என்று ஓரெழுத்தில் குறிப்போம்; ஆர்என்ஏவில் டிக்குப் பதில் யு. பாலிமரேஸ் தான் படிக்கும் இழையை, அதாவது வார்ப்புரு இழையை, 3′ முனையிலிருந்து 5′ நோக்கிப் படிக்கும். ஆர்என்ஏவை 5′ முனையிலிருந்து 3′ நோக்கிக் கட்டும். வார்ப்புரு இழை 3′-டிஏசிஜிஜிடிசிஏ-5′ என்றிருந்தால், கிடைக்கும் ஆர்என்ஏ 5′-ஏயுஜிசிசிஏஜியு-3′. இதை எதிர் இழையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: டி வரும் இடத்தில் யு என்பதைத் தவிர இரண்டும் ஒன்றே. எனவே காகிதத்தில் வரையும்போது வார்ப்புரு இழையை மறந்துவிட்டு, உங்களுக்கு வேண்டிய ஆர்என்ஏவை டிஎன்ஏ எழுத்துகளில் எழுதி, அதன் 5′ பக்கத்தில் ப்ரொமோட்டரை ஒட்டுவதே குழப்பமில்லாத வழி.

டி7 ப்ரொமோட்டர் 18 எழுத்து: டிஏஏடிஏ-சிஜிஏசிடி-சிஏசிடிஏ-டிஏ, கடைசியில் ஒரு ஜி. அந்த ஜிதான் ஆர்என்ஏவின் முதல் எழுத்து. அதைத் தொடர்ந்து இன்னும் ஒன்றிரண்டு ஜி வருவது விளைச்சலுக்கு மிக நல்லது. முதல் எழுத்து ஜி இல்லாமல் மாற்றினால் விளைச்சல் பெரிதும் விழும். உங்கள் ஆர்என்ஏ வேறு எழுத்தில்தான் தொடங்கியாக வேண்டுமென்றால், முன்னால் ஜிஜி சேர்த்துக்கொண்டு அது வேலையைக் கெடுக்குமா என்று யோசியுங்கள். பல இடங்களில் கெடுப்பதில்லை.

திசுவில் ஒரு எம்ஆர்என்ஏ இருக்கும் இடத்தைக் காட்டும் ப்ரோப் செய்பவர்கள் இங்கே அடிக்கடி வழுக்குகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது எம்ஆர்என்ஏவின் நகல் அல்ல, அதோடு ஜோடி சேரும் எதிர்நகல். அதற்கு டி7 ப்ரொமோட்டர் ஜீனின் கடைசிப் பக்கத்தில், உள்நோக்கிப் பார்த்தபடி இருக்க வேண்டும். நேர்நகலையும் ஒன்று செய்து வைத்துக்கொண்டால் அதுவே எதிர்மறைக் கட்டுப்பாடாக உதவும்.

டெம்ப்ளேட்: பிளாஸ்மிடா, பிசிஆர் துண்டா

பிளாஸ்மிடை (பாக்டீரியாவில் வளர்த்தெடுக்கும் வளைய டிஎன்ஏ) வளையமாக அப்படியே போட்டால் பாலிமரேஸுக்கு நிற்கும் இடம் தெரியாது. சுற்றிச் சுற்றி ஓடி நீளநீளமாக ஆர்என்ஏ செய்யும். எனவே வேண்டிய பகுதி முடிந்தவுடன் ஒரு ரெஸ்ட்ரிக்‌ஷன் நொதியால் வெட்டி நேராக்க வேண்டும். பாலிமரேஸ் அந்த முனைக்கு வந்து விழுந்துவிடும். வெட்டு முழுமையாக நடந்ததா என்று ஜெல்லில் (மூலக்கூறுகளை நீளவாரியாகப் பிரித்துக் காட்டுவது), வெட்டாத பிளாஸ்மிடைப் பக்கத்துக் குழியில் ஓடவிட்டுப் பாருங்கள். சிறிதளவு வளையம் மிஞ்சினாலும் அது நீண்ட ஆர்என்ஏக்களைச் செய்து நியூக்ளியோடைடில் பெரும்பங்கைத் தின்றுவிடும்.

எந்த நொதியால் வெட்டுகிறோம் என்பதும் முக்கியம். 5′ பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் முனையோ மொட்டை முனையோ சரி. ஈகோஆர்-1, பேம்எச்-1, ஹிண்ட்-3, ஈகோஆர்-5 எல்லாம் பயன்படும். 3′ பக்கம் நீட்டும் கேபிஎன்-1, பிஎஸ்டி-1, எஸ்ஏசி-1 வேண்டாம். அந்த நீட்டலில் டி7 பாலிமரேஸ் தவறாக ஏறி எதிர்த்திசையில் படியெடுக்கும். அந்த எதிர்நகல் சரியான ஆர்என்ஏவோடு ஜோடி சேர்ந்து இரட்டை இழை ஆர்என்ஏ ஆகிவிடும். வேறு வழியே இல்லையென்றால் டி4 டிஎன்ஏ பாலிமரேஸால் அந்த நீட்டலைத் தின்னவைத்து முனையை மொட்டையாக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது சுத்தம். பிளாஸ்மிடைப் பிரித்தெடுக்கும் மினிப்ரெப் கிட்டின் முதல் கரைசலிலேயே, ஆர்என்ஏவை வெட்டும் நொதியான ஆர்என்ஏஸ் ஏ கலந்திருக்கிறது. பாக்டீரியாவின் ஆர்என்ஏவை ஒழிக்க வேண்டுமென்றே போடுவது அது. அதில் துளி மிஞ்சி டெம்ப்ளேட்டோடு வந்தால், நீங்கள் செய்யும் ஆர்என்ஏவையும் அது விடாது. வெட்டிய பிளாஸ்மிடை 0.5 சதவீத எஸ்டிஎஸ் (ஒரு சோப்புப் பொருள்), மில்லிலிட்டருக்கு 100 முதல் 200 மைக்ரோகிராம் புரோட்டினேஸ் கே (புரதம் தின்னும் நொதி) சேர்த்து 50 டிகிரியில் 30 நிமிடம் வைத்து, ஃபீனால்-குளோரோஃபார்மால் எடுத்து, எத்தனாலில் வீழ்படிவாக்குங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். இதைத் தாண்டிக் குதித்தவர்கள்தான் பிறகு மூன்று நாள் காரணம் தேடுகிறார்கள். கடைசியில் தண்ணீரில் கரைத்து, மைக்ரோலிட்டருக்கு 500 நானோகிராம் அளவுக்குக் கொண்டுவாருங்கள். உப்பும் எத்தனாலும் தங்கக்கூடாது: கலவையில் கூடுதல் உப்பு 50 மில்லிமோலாரைத் தாண்டினால் டி7 மந்தமாகத் தொடங்கும்.

பிசிஆர் (டிஎன்ஏ துண்டை ட்யூபிலேயே பெருக்கும் முறை) வழி இன்னும் விரைவானது. முன்பக்க ப்ரைமரில் வரிசை இப்படி: 5′ முனையில் நான்கைந்து எழுத்துக் காப்பு, அடுத்து டி7 ப்ரொமோட்டர், ஜிஜி, பிறகு ஜீனோடு பொருந்தும் 18 முதல் 22 எழுத்து. முதல் ஐந்து சுற்றுகளுக்கான ஒட்டும் வெப்பநிலையை ஜீனோடு பொருந்தும் பகுதிக்கு மட்டும் கணக்கிடுங்கள். முழு ப்ரைமருக்கும் கணக்கிட்டால் வெப்பநிலை கூடிப்போய் எதுவும் பெருகாது. ஜெல்லில் ஒற்றைப் பட்டை தெரிந்தால் சுத்திகரிப்புக் குழல் (column) வழியாகச் சுத்தம் செய்து பயன்படுத்தலாம். இரண்டு பட்டை தெரிந்தால் சரியானதை மட்டும் வெட்டி எடுங்கள். ப்ரொமோட்டர் எல்லாத் துண்டிலும் இருப்பதால் தவறான துண்டும் ஆர்என்ஏவாகும். அதுவும் குட்டையாக இருந்தால் எண்ணிக்கையில் முந்திக்கொள்ளும்.

100 எழுத்துக்குக் குறைந்த ஆர்என்ஏவுக்கு இரண்டு செயற்கை ஆலிகோக்களே (குட்டையான ஒற்றை இழை டிஎன்ஏ) போதும். ப்ரொமோட்டர் பகுதி மட்டும் இரட்டை இழையாக இருந்தால் டி7 ஏறிக்கொள்ளும். மீதி வார்ப்புரு ஒற்றை இழையாக இருக்கலாம். இதை மில்லிகனும் உலன்பெக்கும் 1987இல் செய்துகாட்டினார்கள். டி7க்கு முனையில் வந்ததும் கூடுதலாக ஓரெழுத்தைத் தன்னிச்சையாகச் சேர்க்கும் பழக்கம் உண்டு. முனை துல்லியமாக வேண்டுமென்றால் வார்ப்புரு ஆலிகோவின் 5′ கடைசி இரண்டு எழுத்துகளில் 2′-ஓ-மீத்தைல் மாற்றம் கேட்டு வாங்குங்கள். அந்தக் கூடுதல் எழுத்து வெகுவாகக் குறையும்.

ஆர்என்ஏஸ் என்ற எதிரி

ஆர்என்ஏஸ் ஏ சிறு புரதம். நான்கு டைசல்ஃபைடு பிணைப்புகள் அதைக் கட்டிப் பிடித்திருக்கின்றன. வேலை செய்ய உலோக அயனி எதுவும் தேவையில்லை, எனவே ஈடிடிஏ (உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் பொருள்) போட்டு அடக்க முடியாது. கொதிக்க வைத்தாலும் ஆறியதும் மடிந்து எழுந்துவிடும். ஆட்டோகிளேவையும் முழுதாக நம்ப முடியாது. கையுறை, வடிகட்டி உள்ள முனைகள், நியூக்ளியேஸ் இல்லாத தண்ணீர், இதற்கென்றே ஒதுக்கிய பைப்பெட். கண்ணாடிப் பொருளை 240 டிகிரியில் நான்கு மணி நேரம் சுடலாம். தண்ணீரை லிட்டருக்கு 1 மில்லி டிஇபிசி (ஆர்என்ஏஸை முடக்கும் வேதிப்பொருள்) கலந்து இரவு முழுக்க வைத்து ஆட்டோகிளேவ் செய்யலாம். டிஇபிசி நச்சு என்பதால் ஹூடுக்குள் வைத்துச் செய்யுங்கள். ட்ரிஸ் பஃபரில் டிஇபிசி போடாதீர்கள், ட்ரிஸே அதைத் தின்றுவிடும்; சுத்திகரித்த தண்ணீரில் ட்ரிஸைக் கரைப்பதே முறை. கதவுக் கைப்பிடியைத் தொட்ட கையுறையை மாற்றுங்கள். அதுவும் வெறுங்கைக்குச் சமம்தான்.

கலவை

50 மைக்ரோலிட்டருக்கு, இந்த வரிசையிலேயே, அறை வெப்பநிலையில்:

நியூக்ளியேஸ் இல்லாத தண்ணீர் 22 மைக்ரோலிட்டர்
10 மடங்கு பஃபர் 5 மைக்ரோலிட்டர்
1 மோலார் மக்னீசியம் குளோரைடு 1 மைக்ரோலிட்டர்
ஏடிபி, ஜிடிபி, சிடிபி, யுடிபி (ஒவ்வொன்றும் 100 மில்லிமோலார்) தலா 2.5, மொத்தம் 10 மைக்ரோலிட்டர்
டெம்ப்ளேட் 5 மைக்ரோலிட்டர், அதாவது 2.5 மைக்ரோகிராம்
ஆர்என்ஏஸ் தடுப்பான் (40 யூனிட்/மைக்ரோலிட்டர்) 1 மைக்ரோலிட்டர்
ஈஸ்ட் பைரோபாஸ்படேஸ் (0.1 யூனிட்/மைக்ரோலிட்டர்) 1 மைக்ரோலிட்டர்
டி7 ஆர்என்ஏ பாலிமரேஸ் (50 யூனிட்/மைக்ரோலிட்டர்) 5 மைக்ரோலிட்டர்

10 மடங்கு பஃபரில் இருப்பவை: 400 மில்லிமோலார் ட்ரிஸ் பிஎச் 8.0, 60 மில்லிமோலார் மக்னீசியம் குளோரைடு, 20 மில்லிமோலார் ஸ்பெர்மிடின், 100 மில்லிமோலார் டிடிடி. டிடிடி (ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்) காற்றில் கெடும். ஆர்என்ஏஸ் தடுப்பான் என்ற புரதத்தைக் காப்பதும் அதுதான். பஃபரைச் சிறு பங்குகளாகப் பிரித்து மைனஸ் 20இல் வையுங்கள்.

ஐஸில் கலக்கக் கூடாது. மற்ற நொதிச் சோதனைகளில் பழகிய கை தானாக ஐஸ் டப்பாவை நோக்கிப் போகும். இங்கே அது தவறு. ஸ்பெர்மிடினுக்கு நேர்மின்னூட்டம், டிஎன்ஏவுக்கு எதிர்மின்னூட்டம். குளிரில், அடர்ந்த நிலையில் இரண்டும் சந்தித்தால் டிஎன்ஏ வீழ்படிவாகிவிடும். அதனால்தான் தண்ணீர் முதலில், டெம்ப்ளேட் பின்னால். நொதிகள் மட்டும் கடைசி நொடி வரை ஐஸிலோ ஃப்ரீஸர் பெட்டியிலோ இருக்கட்டும். சேர்த்ததும் பைப்பெட்டால் மெதுவாக ஏற்றி இறக்கிக் கலக்குங்கள். நொதியோடு வரும் கிளிசரால் கனமானது, அடியில் தங்கிவிடும்.

மக்னீசியக் கணக்கைப் புரிந்துகொண்டால் இந்தக் கலவையை உங்கள் தேவைக்கேற்ப மாற்றலாம். நியூக்ளியோடைடு தலா 5 மில்லிமோலார், மொத்தம் 20. ஒவ்வொரு நியூக்ளியோடைடு மூலக்கூறும் ஒரு மக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும். பாலிமரேஸுக்கு அதற்கு மேலும் சில மில்லிமோலார் மக்னீசியம் கட்டற்று இருக்க வேண்டும். பஃபரிலிருந்து 6, தனியாகச் சேர்த்ததிலிருந்து 20, ஆக 26. நியூக்ளியோடைடை மட்டும் இரட்டித்து மக்னீசியத்தை அப்படியே விட்டால் விளைச்சல் கூடாது, நின்றே போகும்.

உச்ச விளைச்சலையும் இதிலிருந்தே கணிக்கலாம். 20 மில்லிமோலார், 50 மைக்ரோலிட்டர் என்றால் 1 மைக்ரோமோல் நியூக்ளியோடைடு. ஆர்என்ஏவுக்குள் சேர்ந்தபின் ஓரெழுத்தின் சராசரி எடை சுமார் 320. எனவே எல்லாம் தீர்ந்தாலும் 320 மைக்ரோகிராமுக்கு மேல் வராது. 100 முதல் 200 கிடைத்தால் சோதனை நன்றாக நடந்திருக்கிறது. 400 என்று கருவி காட்டினால் மகிழ வேண்டாம், நீங்கள் அளந்தது ஆர்என்ஏவை மட்டும் அல்ல.

37 டிகிரியில் இரண்டு மணி நேரம்

பாலிமரேஸ் ப்ரொமோட்டரைப் பிடித்து, இழைகளைப் பிரித்து, முதல் இரண்டு ஜிக்களை இணைக்கிறது. தொடக்கத்தில் அதற்குத் தடுமாற்றம் அதிகம்: இரண்டு முதல் எட்டு எழுத்து வரை கட்டிவிட்டு, கைநழுவவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பத்துப் பன்னிரண்டு எழுத்தைத் தாண்டினால்தான் ப்ரொமோட்டரை விட்டு நகர்ந்து உருமாறி, விடாப்பிடியாக ஓடும் நிலைக்கு வருகிறது. பிறகு நொடிக்கு 200 எழுத்துக்கு மேல் போகும்; ஈ. கோலையின் சொந்தப் பாலிமரேஸ் ஐம்பதை ஒட்டியே நகர்கிறது. ஜெல்லின் அடியில் மங்கலாகத் தெரியும் குட்டித் துண்டுகள் அந்தத் தடுமாற்றத்தின் மிச்சம். அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

ஒவ்வோர் எழுத்து சேரும்போதும் ஒரு பைரோபாஸ்பேட் வெளியேறி, மக்னீசியத்தோடு சேர்ந்து வெள்ளையாகப் படியும். அதை உடைக்கும் பைரோபாஸ்படேஸைப் போடாதவர்கள் ஒரு மணி நேரத்தில் ட்யூப் கலங்குவதைப் பார்ப்பார்கள். கலங்குவது சோதனை நடக்கிறது என்பதற்கு நல்ல அறிகுறிதான், ஆனால் மக்னீசியம் அதில் வீணாகிறது. 300 எழுத்துக்குக் குறைந்த ஆர்என்ஏ என்றால் நான்கு மணி நேரம் அல்லது இரவு முழுக்க விடலாம். நீண்டதற்கு இரண்டு மணி நேரமே போதும். மக்னீசியமும் வெப்பமும் காரமும் சேர்ந்தால் ஆர்என்ஏவின் 2′ ஹைட்ராக்சில் தன் முதுகெலும்பையே வெட்டும். சங்கிலி நீண்டால் வெட்டுப்படும் வாய்ப்பும் கூடும்.

டிஎன்ஏவை நீக்கி, ஆர்என்ஏவை எடுப்பது

டெம்ப்ளேட் ஒரு மைக்ரோகிராமுக்கு 2 யூனிட் வீதம், இங்கே 5 யூனிட், ஆர்என்ஏஸ் இல்லாத டிஎன்ஏஸ்-1 சேர்த்து 37 டிகிரியில் 15 நிமிடம். வோர்டெக்ஸ் வேண்டாம், டிஎன்ஏஸ் அந்தக் குலுக்கலைத் தாங்காது. வெள்ளைப் படிவைக் கரைக்க ஈடிடிஏ சேர்ப்பதாக இருந்தால் டிஎன்ஏஸ் வேலை முடிந்த பிறகே சேருங்கள். முன்பே சேர்த்தால் டிஎன்ஏஸுக்கு வேண்டிய மக்னீசியமும் கால்சியமும் பறிபோகும், டிஎன்ஏ அப்படியே நிற்கும்.

300 எழுத்துக்கு மேற்பட்ட ஆர்என்ஏவுக்கு லித்தியம் குளோரைடு மிக நல்ல வழி. தண்ணீர் விட்டு 100 மைக்ரோலிட்டர் ஆக்கி, 7.5 மோலார் லித்தியம் குளோரைடு 50 மைக்ரோலிட்டர் சேருங்கள். கடைசி அடர்வு 2.5 மோலார். மைனஸ் 20இல் 30 நிமிடம், பிறகு 4 டிகிரியில் மைக்ரோஃபியூஜின் முழு வேகத்தில் 15 நிமிடம். மிஞ்சிய நியூக்ளியோடைடு மேலே கரைசலிலேயே நின்றுவிடும், இதுதான் இதன் பெரிய பலன். 70 சதவீத எத்தனாலில் கழுவி, சில நிமிடம் மட்டும் உலரவிடுங்கள். காய்ந்து கண்ணாடிபோல் ஆன படிவு எளிதில் கரையாது. குட்டை ஆர்என்ஏவுக்கு லித்தியம் உதவாது. அதற்கு பத்தில் ஒரு பங்கு 3 மோலார் சோடியம் அசிடேட், இரண்டரைப் பங்கு எத்தனால்.

அளப்பதும் ஜெல்லும்

260 நானோமீட்டரில் உறிஞ்சல் 1 என்றால் மில்லிலிட்டருக்கு 40 மைக்ரோகிராம் ஆர்என்ஏ. 260/280 விகிதம் 2 அருகே இருக்க வேண்டும். ஆனால் டிஎன்ஏவும் தனி நியூக்ளியோடைடும் அதே இடத்தில் உறிஞ்சும், நொறுங்கிய ஆர்என்ஏவும்தான். எண்ணை மட்டும் பார்த்து அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். 200 முதல் 500 நானோகிராம் எடுத்து, ஃபார்மமைடு கலந்த சாயத்தில் 70 டிகிரியில் 5 நிமிடம் சூடாக்கி, உடனே ஐஸில் வைத்து, ஜெல்லில் ஏற்றுங்கள். சூடாக்காத ஆர்என்ஏ தன்மேல் தானே மடிந்து இரண்டு மூன்று பட்டையாகத் தெரியும். அதைக் கண்டு டெம்ப்ளேட்டைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு. ஒப்பிட ஆர்என்ஏ லேடரே (நீளம் தெரிந்த துண்டுகளின் கலவை) வேண்டும், டிஎன்ஏ லேடர் நீளத்தைத் தவறாகக் காட்டும். குட்டை ஆர்என்ஏவுக்கு 8 மோலார் யூரியா கலந்த அக்ரிலமைடு ஜெல்.

கிடைக்காதபோது எங்கே பார்ப்பது

ஒன்றுமே வரவில்லை என்றால் மூன்று ட்யூப் வையுங்கள்: நன்றாக வேலை செய்யும் எனத் தெரிந்த டெம்ப்ளேட், உங்கள் டெம்ப்ளேட், இரண்டும் சேர்ந்தது. தெரிந்தது தனியாக வேலை செய்து, சேர்ந்ததில் நின்றுபோனால் உங்கள் டெம்ப்ளேட்டோடு ஏதோ ஒட்டி வருகிறது. ஆர்என்ஏஸ், உப்பு, எத்தனால், ஃபீனால் இவற்றுள் ஒன்று. சேர்ந்ததிலும் தெரிந்த ஆர்என்ஏ வந்தால் உங்கள் டெம்ப்ளேட் சுத்தம்தான், தவறு வரிசையில்: ப்ரொமோட்டரில் ஓரெழுத்து விடுபட்டிருக்கலாம், அல்லது திசை புரண்டிருக்கலாம். மூன்றிலும் ஒன்றுமில்லை என்றால்தான் நொதியும் பஃபரும் குற்றவாளி. நியூக்ளியோடைடு பலமுறை உறைந்து உருகியதா, டிடிடி பழையதா என்று பாருங்கள்.

ஜெல்லில் பட்டைக்குப் பதில் கீழ்நோக்கி இழுபட்ட கறை தெரிந்தால் ஆர்என்ஏஸ். எதிர்பார்த்ததைவிட நீளமான பட்டை என்றால் வெட்டாமல் மிஞ்சிய பிளாஸ்மிட், அல்லது மடிப்பு அவிழவில்லை. குட்டையான இன்னொரு பட்டை தெளிவாகத் தெரிந்தால் பாலிமரேஸ் நடுவழியில் விழுகிறது. ஜிசி அடர்ந்த பகுதிகளில் இது சகஜம். வெப்பநிலையை 30 டிகிரிக்குக் குறைத்து நேரத்தை நீட்டிப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் ப்ரொமோட்டரை மாற்றி எஸ்பி6 என்ற வேறொரு வைரஸின் பாலிமரேஸில் முயலலாம்.

உயிரணுவுக்குள் புரதம் செய்ய வேண்டிய ஆர்என்ஏ என்றால்

மேலே கிடைத்த ஆர்என்ஏவின் 5′ முனையில் வெறும் ட்ரைபாஸ்பேட்தான் இருக்கும், நம் எம்ஆர்என்ஏக்களில் அங்கே உள்ள தொப்பி (கேப்) இருக்காது. அப்படியே உயிரணுவுக்குள் விட்டால் ரைபோசோம் பெரும்பாலும் கண்டுகொள்ளாது, எதிர்ப்பு உணர்விகள் நன்றாகவே கண்டுகொள்ளும். வாக்சினியா வைரஸின் கேப்பிங் நொதியால் பின்னர் தொப்பி மாட்டலாம். அல்லது கலவையிலேயே திசை புரளாத தொப்பி ஒப்புமூலக்கூறை, ஜிடிபிக்கு நான்கு மடங்கு போடலாம். இரண்டாவது வழியில் ஜிடிபி குறைவதால் விளைச்சலும் குறையும், அதை முன்பே கணக்கில் வையுங்கள். பாலி-ஏ வாலை (3′ முனையில் தொடர்ந்து வரும் ஏ எழுத்துகள்) டெம்ப்ளேட்டிலேயே எழுதிவைப்பது, பிறகு நொதியால் சேர்ப்பதைவிட நீளம் சீராக வர உதவும். யுடிபிக்குப் பதில் முழுவதும் என்1-மீத்தைல் சூடோயூரிடின் போட்டால் டி7 அதைத் தயங்காமல் ஏற்கும், உயிரணுவின் எதிர்ப்பும் தணியும். யூரிடினை மாற்றினால் எதிர்ப்பு அடங்கும் என்று கரிகோவும் வைஸ்மனும் 2005இல் காட்டியது 2023இல் அவர்களுக்கு நோபல் பரிசைத் தந்தது. மாற்றிய நியூக்ளியோடைடு போட்டாலும் இரட்டை இழை ஆர்என்ஏவை நீக்கியே ஆக வேண்டும். 16 சதவீத எத்தனால் கலந்த பஃபரில் செல்லுலோஸ் தூளோடு கலக்கினால் இரட்டை இழை அதில் ஒட்டிக்கொள்ளும், வேண்டிய ஆர்என்ஏ கரைசலில் நிற்கும்.

முடித்த ஆர்என்ஏவை நியூக்ளியேஸ் இல்லாத தண்ணீரிலோ, பிஎச் 6.4 உள்ள 1 மில்லிமோலார் சோடியம் சிட்ரேட்டிலோ கரைத்து, ஒருமுறைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து மைனஸ் 80இல் வையுங்கள். ட்யூபின் மேல் நீளம், செறிவு, தேதியோடு நேர்நகலா எதிர்நகலா என்பதையும் எழுதிவிடுங்கள்.